தூங்கும் பிள்ளையை எழுப்பியவள்

அந்த ஆயாவை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி எழுதுகிறவர்கள், பலாப்பழம் மாதிரி வெளியே முள், உள்ளே சுளை என்று கடைசியில் முடித்துவிடுவார்கள். நானும் மாதக்கணக்கில் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து பார்த்தேன். சுளை என் கண்ணில் படவில்லை.

ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, அதில் குழந்தைகள் வார்டு. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தாலும் வார்டுச் சட்டம் அவன் காலத்துச் சட்டம்தான். தாய்மார் தங்கக் கூடாது. சாயங்காலம் கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்க்கலாம். வாட்ச்மேன் வராந்தாவில் மணி அடித்ததும் கிளம்பிவிட வேண்டும். எனக்கு ஒன்பது வயது. இடுப்பு எலும்பில் காசம். காலில் மணல் மூட்டையைக் கட்டிக் கட்டில் முனையில் தொங்கவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். எழுந்திருக்க முடியாதவனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? அந்த வார்டில் எனக்குத் தெரியாமல் ஒரு பூச்சிகூடப் பறந்ததில்லை.

மணி அடிக்கும் நேரத்தில்தான் வேடிக்கை அதிகம். பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு கிளம்பும் அம்மா ஒருத்திகூட இல்லை. சொன்னால் அழும், சேலையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொருத்தியும் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். 'அதோ பார் காக்கா' என்று ஜன்னலைக் காட்டிவிட்டு நழுவுகிறவள் உண்டு. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று போய் மறுநாள் வந்தவள் உண்டு. பாதிப் பேர் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி போவார்கள்.

என் அம்மா அந்தக் கடைசி ரகம். தண்டையார்ப்பேட்டையில் எங்களுக்கு மளிகைக் கடை. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மாவுக்குப் பட்டணத்துப் பேச்சு ஒட்டவே இல்லை. என்னைச் சேர்த்த அன்றைக்கு நெற்றியைத் தடவி, "நீ கண்ண மூடிக்க ராசா, அம்ம இங்கனயேதான் இருக்கேன்" என்றாள். நான் கண்ணைத் திறந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

மறுநாளும் அம்மா வந்தாள், தட்டிக்கொடுத்தாள், மணி அடித்ததும் எழுந்தாள். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். புகையிலை வாடையும் பினாயில் வாடையும் ஒன்றாக அடித்தன.

"ஏய், முயிச்சிக்கோ. ஒங்கம்மா பூடுது. மூஞ்சியப் பாத்துக்கோ."

வாசல்வரை போய்விட்ட அம்மா, செருப்பும் கையுமாக, அகப்பட்ட திருடி மாதிரி நின்றாள். நான் வார்டே அதிரக் கத்தினேன். அம்மா ஓடி வந்தாள்.

"ஏன் ஆயாம்மா, தூங்குத பிள்ளைய எழுப்பி அழ வைக்கியளே, ஒங்களுக்கே நல்லாருக்கா?"

"அயுவட்டும். நீ போவறதப் பாத்து அயுதா, அயுது முடிச்சுட்டுத் தூங்கிடும். தூங்கறப்ப நீ ஓடிட்டன்னு வெச்சுக்கோ, அப்பறம் அது கண்ண மூடுமா? மூடுனா யாரு காணாப்பூடுவாங்களோன்னு பயந்துகினு கெடக்கும். போறேன்னு நேரா சொல்லிட்டுப் போ. நாளிக்கு வர முடியாட்டி வரமாட்டேன்னு சொல்லு."

அவளுடைய வேலையே அதுதான் போலிருந்தது. மணி அடித்ததும் கையிலிருக்கும் மூத்திரப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வரிசையாகக் கட்டில் கட்டிலாகப் போவாள். தூங்குகிற பிள்ளையை எழுப்புவாள். காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் முகத்தை வாசல் பக்கம் திருப்புவாள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் அலறும். தாய்மார் அவளுக்குக் கொடுக்காத சாபம் இல்லை. "பேஜாரு புடிச்சவ", "பிசாசு", "உன் வாயில மண்ணு வியுவ". எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சர்தான், கெளம்பு" என்பாள்.

ஆள் குட்டை. தோளில் சுமை தூக்குகிறவனுக்கு இருப்பதுபோன்ற சதை. குரல் காசிமேட்டில் ஏலம் விடுகிற குரல். எந்தப் பிள்ளையையும் 'கண்ணு' என்றோ 'ராஜா' என்றோ கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்ததில்லை.

இவளுக்கு ஏதாவது ஒரு கதை இருந்தே தீர வேண்டும் என்று தாய்மாரே ஒன்றைக் கட்டியிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த தன் பிள்ளையை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனாளாம். வந்து பார்த்தால் பிள்ளை செத்துக் கிடந்ததாம். அன்றிலிருந்துதான் இந்தப் புத்தியாம். இதைக் கேட்டவர்கள் 'ஐயோ பாவம்' என்று இரண்டு நாள் திட்டாமல் இருந்தார்கள். நான் அவளிடமே கேட்டேன்.

"எவ சொன்னா? எம்புள்ளைங்க நாலும் குத்துக்கல்லாட்டம் கீதுங்க. பெரியவன் ஹார்பர்ல மூட்ட தூக்கறான். மூத்திரம் வந்தா சொல்லு, இல்லாட்டி வாய மூடு."

என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ நொண்டி' என்பாள். ஒருநாள் அம்மா காதில் அது விழுந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆயா துடைத்துக்கொண்டிருந்த தரையிலிருந்து நிமிரவில்லை.

"நொண்டியாத்தான் போவான். காலு குட்டையாத்தான் நிக்கும், டாக்டரு சொல்லிட்டாரு. ஊரு கூப்பிடறப்ப புதுசா கேக்கக்கூடாதில்ல? இங்கியே பயகிக்கட்டும்."

பின்னால் பள்ளிக்கூடத்தில் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். வலித்தது. ஆயா பழக்கிக் கொடுத்ததெல்லாம் காலணாவுக்கு உதவவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று. எனக்கு அறுவைச் சிகிச்சை செய்த அன்று காலையில், அப்பா 'படம் பிடிக்கப் போறாவ' என்றார். எங்கள் வார்டு சிஸ்டர், தங்கமான பெண், எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்றார். ஆயாதான் தலைமாட்டில் வந்து நின்று சொன்னாள்.

"கால அறுத்து சீயி எடுக்கப் போறாங்க. மூக்குல துணி வெப்பாங்க, நாத்தம் கொமட்டும், தூங்கிடுவ. முயிச்சா வலிக்கும். நெறைய வலிக்கும். கத்து, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா கால ஆட்டாத."

எல்லாம் அப்படியே நடந்தது. சிஸ்டரை நான் அப்புறமும் நேசித்தேன். ஆனால் வார்டில் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஆயாவைத்தான் கேட்டேன். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். அம்மா எப்போது வரும் என்று கேட்டால் சிஸ்டர், 'இதோ வந்துடுவாங்க' என்பார். காலையில் கேட்டாலும் அதையேதான் சொல்வார். ஆயா வராந்தாத் தூணைக் காட்டுவாள். "மில்லு சங்கு ஊதணும். கஞ்சி குடிக்கணும். அப்பறம் வெயிலு அந்தத் தூணாண்ட வரணும். அப்பத்தான் வரும். அதுக்கு முன்னாடி வராது. அயுவணும்னா இப்பவே அயுதுக்கோ."

அஞ்சலை என் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தது பனி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில். ஐந்து வயது. எண்ணூர்க் கழிமுகத்தில் நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கி, கண் இரண்டும் கீறல் மாதிரி இருந்தன. உப்பில்லாத கஞ்சிதான் கொடுக்கலாம். கடலோரத்துப் பிள்ளைக்கு உப்பில்லாத கஞ்சி எப்படி இறங்கும்? கருவாடு வேண்டுமென்று தட்டைத் தள்ளினாள்.

"கருவாடு துன்னா செத்துருவ" என்றாள் ஆயா.

"செத்தா இன்னா?"

"ஒங்கம்மாவப் பாக்க முடியாது."

அதற்குப் பிறகு அஞ்சலை கருவாடு கேட்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது?

அவள் தாய் மீன் விற்கிறவள். காலையில் கூடை தூக்கித் தெருத்தெருவாக விற்றுவிட்டு, எண்ணூரிலிருந்து ரயிலேறி வருவாள். வீட்டில் பால் குடிக்கிற கைக்குழந்தை ஒன்று, நாத்தனார் பொறுப்பில். கூடையை வாசலில் வைத்துவிடச் சொல்வான் வாட்ச்மேன். ஆனாலும் அவள் வருவதற்கு முன்னால் மீன் வாடை வந்துவிடும். அஞ்சலை அதை மோந்ததும் தலையணையில் நிமிர்ந்து உட்காருவாள்.

தாய் ஒருநாள் சிஸ்டரிடம் பிள்ளை பிழைக்குமா என்று கேட்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்றார் சிஸ்டர். தாய் திரும்பி ஆயாவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள் ஆயா. "வீக்கம் கொறையல. நெஞ்சுக்கு ஏறுனா கஷ்டம். டாக்டரு அப்பிடித்தான் பேசிக்கினாரு."

"உன் நாக்கு அயுகிப் போவ" என்றாள் தாய். அன்றிலிருந்து ஆயாவோடு அவள் பேசவில்லை.

வீக்கம் நெஞ்சுக்கு ஏறியது. அஞ்சலையால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். பல நாளாகத் தூக்கம் இல்லை. தூங்கத் தொடங்கினால் திணறி விழித்துக்கொள்வாள். ஒரு சாயங்காலம் டாக்டர் ஏதோ ஊசி போட்டிருந்தார். தாய் வந்து மடியில் சாய்த்துக்கொண்டதும் பிள்ளை தூங்கிவிட்டது. வாய் திறந்து, சீராக மூச்சுவிட்டுத் தூங்கியது. வார்டே நிம்மதியடைந்தது. என் அம்மாகூடத் தன் ஸ்டூலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. தாய் பிள்ளையை அசங்காமல் தலையணையில் சாய்த்தாள். ஆயா வந்து நின்றாள்.

"வாணாம்" என்றாள் தாய். "இப்பத்தான் தூங்குது. உனக்குக் கோடிப் புண்ணியம்."

"நைட்டு முயிச்சுத் தேடும்."

"எம்பொண்ணத் தொடாத."

சிஸ்டர் மேஜையிலிருந்து, "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு ஆயா" என்றார். ஆயா அஞ்சலையின் கன்னத்தைத் தட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. கீறல் கண்கள் திறந்தன. "ஒங்கம்மா வூட்டுக்குப் போவுது. பாத்துக்கோ."

அஞ்சலை பார்த்தாள். அப்புறம் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, தாயின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆயா பின்னாலிருந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, தாய் அந்த வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ரயில் போய்விடும். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. பிரித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், ஆயாவின் வம்சத்தையே சபித்துக்கொண்டு ஓடினாள். அன்று ஆயாவுக்கு ராத்திரி வேலை இல்லை. ஆனாலும் அவள் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அஞ்சலை செத்துப்போனாள். நெட்டுக்குப்பத்துக்குச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. வெயில் தூணுக்கு வந்தபோது, மீன் வாடை வந்தது. தாய் வந்தாள். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

சிஸ்டர் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தரையில் விழுந்து புரண்டவளைத் தூக்கி உட்கார வைத்து, தலையைத் தடவி, "கஷ்டப்படலம்மா. நிம்மதியா, தூங்கிட்டே போயிட்டா" என்றார். சிஸ்டரும் அழுதுகொண்டிருந்தார். தாய் அழுகையை நிறுத்தினாள். அவள் கண் வார்டு முழுக்கத் தேடி ஆயாவிடம் போய் நின்றது.

"ஆயா. மெய்யாலுமா? தூங்குச்சா?"

எனக்கு விஷயம் தெரியும். பக்கத்துக் கட்டிலில் நானும் ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தேன். தூங்கிச்சு என்று சொல்லு, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கத்தினேன். ஒரே ஒரு வார்த்தை.

"இல்ல" என்றாள் ஆயா. "தூங்கல. நீ போனதுலேர்ந்து அயுதுகினே கெடந்துச்சு. வெளக்கு வெச்சப்பறம் கொரலு வரல, மூச்சுதான் வாங்குச்சு. நெஞ்சுல சாச்சிகினேன். எங்கம்மாகிட்ட உடுன்னு கையக் கடிச்சுச்சு. இப்ப வராது, நாளிக்கு வெயிலு தூணாண்ட வரசொல்ல வரும்னேன். விடிஞ்சதும் தூணையே பாத்துகினு இருந்துச்சு. கஞ்சி வாணான்னுச்சு. கடசீல தண்ணி கேட்டுச்சு. ரெண்டு வாய் குடுத்தேன். மூணாவது வாய் உள்ள போவல. அவ்ளோதான்."

தாய் எழுந்து வந்து அவளை அடித்தாள். முகத்தில், மார்பில், கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதி. வாட்ச்மேன் வந்து விலக்கும்வரை ஆயா கையை உயர்த்தவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் இரண்டு விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த மீன் வாடை மறுபடி வந்தது. பார்க்கப் பிள்ளை இல்லாதவளை வாட்ச்மேன் எப்படி உள்ளே விட்டான் என்று தெரியவில்லை. நேராக ஆயாவிடம் வந்தாள்.

"சொல்லு" என்றாள்.

ஆயா அதே கதையைச் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'கையக் கடிச்சுச்சு' என்ற இடம் வந்ததும் தாய், "எங்க, காட்டு" என்றாள். ஆயா புறங்கையை நீட்டினாள். பல் பதிந்த இடம் கன்றிக் கறுத்திருந்தது. தாய் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். அதற்கப்புறம் மறுபடி வந்தாள். மற்றத் தாய்மார் ஆரஞ்சுப் பழமும் பன்னும் ஊட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், இவள் தரையில் குந்திக்கொண்டு தன் பிள்ளை செத்ததைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்டது.

என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆயாம்மா, கடைசியில கொஞ்சம் கண்ணயர்ந்துச்சுன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா என்ன? அவ வயிறு குளிருமே. ஒங்க வீட்டு முதலா போயிரும்?"

"அத்த சிஸ்டரு சொல்லிட்டாங்களே. அவங்களாண்ட ஏன் போவல அவ?" என்றாள் ஆயா. அந்தப் பதிலிலிருந்த திமிர் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆயாவின் கையிலிருந்த பல் தடம் கறுப்பிலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி, மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் தாய் அந்தக் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு கையையும் வாங்கிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"அது தூங்கறப்ப நீ எய்ப்பாம உட்டிருந்தா?"

அம்மா ஆயாவைப் பார்த்து, சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினாள். சிஸ்டர், "ஆயா, போய் வேலையப் பாரு" என்று சத்தம் போட்டார். ஆயா இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"ஊசி போட்டிருந்தாங்க. நல்ல தூக்கம்" என்றாள். "எய்ப்பாம உட்டிருந்தா, தூங்கிகினே பூட்டிருக்கும்."

தாய் அடிக்கவில்லை. அழவும் இல்லை. "அத்தத்தான் நானும் நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். பிடித்திருந்த கையை விட்டாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "இனிமே வரமாட்டேன்" என்றாள்.

"சரி" என்றாள் ஆயா.

அவள் வராந்தாவைத் தாண்டுவதற்குள் மணி அடித்தது. அஞ்சலையின் கட்டிலில் இப்போது டிப்தீரியா வந்து தேறிய ஒரு பையன் இருந்தான். மூன்று வயது இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தாய் செருப்பைக் கையில் எடுத்திருந்தாள். ஆயா அந்தப் பக்கம் வருவதைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றாள். சின்னப் பெண்.

"வேணாம் ஆயா. நீதான இப்பச் சொன்ன. எய்ப்பாம இருந்தா அது நிம்மதியாப் பூட்டிருக்கும்னு நீயே சொன்னியே."

"சொன்னேன்."

"அப்பறம் ஏன் ஆயா?"

ஆயா அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் கட்டில் மேல் குனிந்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும்போலவே அது பையனின் கன்னத்தைத் தட்டியது.

"எது சாவும், எது பொயைக்கும்னு எங்கிட்ட யாரு சொல்றாங்க?" என்றாள். "பொயைக்கும்னு நெனச்சுத்தான் எய்ப்பறேன்."

பையன் கண்ணைத் திறந்தான். செருப்பும் கையுமாக நின்ற தாயைப் பார்த்தான். வீறிட்டு அழுதான்.